வாசகர் கேள்வி – பதில்: காட்டுக்கும் படகுக்கும் எந்தக் கமராப் பை?

கேள்வி: குடும்பிமலை, உன்னிச்சைப் பக்கம் நடந்துபோய்ப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். ஒரு கமரா, தூரத்துப் பறவைக்கு 150–600 மி.மீ. பெரிய லென்ஸ், 18–55 மி.மீ. சின்ன லென்ஸ், ட்ரைபொட் இருக்கின்றன. கடையில் 20 லீற்றர் பையும் இருக்கிறது, 35 லீற்றர் பையும் இருக்கிறது. எதை வாங்குவது? – வாசகர், கல்லடி

பதில்: லீற்றர் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் முதுகை அளந்துகொள்ளுங்கள். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, பெருவிரல்களைப் பின்பக்கம் நீட்டுங்கள். அந்தப் பிடரி எலும்பிலிருந்து பெருவிரல்களின் மட்டம் வரை உள்ள நீளம்தான் உங்கள் முதுகளவு. வீட்டில் இன்னொருவரைக் கொண்டு அளப்பது நல்லது. பையின் முதுகு நீளம் இதைவிடக் குறைந்தால் இடுப்புப் பட்டி வயிற்றுக்கு ஏறிவிடும். பாரம் முழுவதும் தோளில் விழும். கூடினால் தோள்பட்டிக்கும் தோளுக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, பை பின்னால் இழுக்கும்.

இனி எடை. கமரா 700 கிராம், பெரிய லென்ஸ் 2 கிலோ, சின்னது 200 கிராம், ட்ரைபொட் ஒன்றரைக் கிலோ, தண்ணீர் 2 லீற்றர், சாப்பாடும் மழைச் சட்டையும் ஒரு கிலோ, வெறும் பை மட்டும் 1.7 கிலோ என்று வையுங்கள். 9 கிலோவைத் தாண்டிவிட்டது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை மேல் எல்லையாகக் கொள்வது வழக்கம். 55 கிலோ உடையவருக்கு அது 11 கிலோ. ஆகவே பஞ்சு வைத்த, அகலமான இடுப்புப் பட்டி இல்லாத எந்தப் பையும் உங்களுக்குச் சரிவராது. சும்மா பை ஆடாமல் பிடிக்கும் மெல்லிய நாடாவை இடுப்புப் பட்டி என்று விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

அடுத்தது லென்ஸ். 150–600 லென்ஸ் ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர். கமராவில் பூட்டி, ஹூட்டை (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பை) திருப்பி மாட்டினால் 34 வரும். பையின் உள்நீளம் 36 இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் லென்ஸைக் கழற்ற வேண்டிவரும். அதற்குள் பறவை போய்விடும், சென்சருக்குள் தூசியும் போய்விடும். வெளியளவை நம்பாதீர்கள், சுற்றிவரப் பஞ்சு 3, 4 சென்ரிமீற்றரைத் தின்றுவிடும். 20 லீற்றர் பையில் இதெல்லாம் வைத்த பிறகு தண்ணீருக்கு இடம் இராது. 35 லீற்றரையே எடுங்கள். முதுகுப் பக்கமாகத் திறக்கும் பை இங்கே நல்லது: நிலத்தில் கிடத்தித் திறக்கும்போது வெளிப்பக்கம்தான் சேற்றில் படும், உங்கள் முதுகில் படும் பக்கம் சுத்தமாக இருக்கும்.

பாரமானதை முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வையுங்கள். தண்ணீர்ப் பையைக் கமரா அறைக்குள் வைக்கவே கூடாது. மூடி கசிந்தால் எல்லாம் முடிந்தது. ட்ரைபொட்டை ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். ட்ரைபொட்டின் தலை உங்கள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பற்றைக்குள் குனிந்து போகும்போது கிளைகளில் கொளுவும்.

வாங்குமுன் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 5 போட்டுக் கால் மணி நேரம் நடந்து பாருங்கள். எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியாக நெஞ்சுப் பட்டி என்று இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் நல்ல பையும் நோகும்.

கேள்வி: குமண தேசியப் பூங்காவுக்கு ஜீப்பிலும், சேனாநாயக்க சமுத்திர நீர்த்தேக்கத்தில் படகிலும் போகப் போகிறோம். பையோடு வந்த மழையுறை போதாதா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஜீப்புக்குப் போதும், படகுக்குப் போதாது. மழையுறை பையின் முன்பக்கத்தைத்தான் மூடும். முதுகுப் பக்கம் திறந்தே கிடக்கும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் உறையின் அடியில் தேங்கி, பையை அதற்குள்ளேயே ஊறவைக்கும். படகில் வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் கமராவை வைத்து, வாயைக் குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்டிக் கொளுவியை மாட்டுங்கள். உள்ளே கொஞ்சம் காற்று விட்டால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்.

குமணவுக்குள் நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க விடமாட்டார்கள். எனவே பெரிய முதுகுப்பை அங்கே தொல்லைதான்; மேலே திறக்கும் சின்னத் தோள்பை வசதி. அதை ஜீப்பின் தரையில் வைக்காமல் மடியிலோ இருக்கையிலோ வையுங்கள், தரையின் அதிர்வில் லென்ஸின் திருகாணிகள் தளரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி அதிகம், கமராவை எடுத்த உடனே ஸிப்பை மூடுங்கள்.

கேள்வி: மாரி முழுக்க அலுமாரியில் கிடந்த பையின் உட்பக்கம் பிசுபிசுக்கிறது, செதிள் செதிளாக உதிர்கிறது. கழுவினால் சரியாகுமா? – வாசகர், கல்முனை

பதில்: சரியாகாது. துணியின் உட்பக்கத்தில் பூசிய பொலியூரித்தேன், ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் சிதைந்துவிடும். அந்தச் செதிள் லென்ஸில் ஒட்டும், பையை மாற்றுங்கள். அதைவிட முக்கியம், லென்ஸைப் பைக்குள் வைத்துப் பூட்டி வைக்காதீர்கள். ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் நின்றால் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், வாடைக்காற்றுக் காலத்தில் நம் கரையோரத்தில் அது சர்வசாதாரணம். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும் ஒரு ஈரப்பதமானியும் போட்டு, அளவு 40க்கும் 50க்கும் இடையில் நிற்கும்படி பாருங்கள். மணிகள் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

கடற்கரைக்குப் போய் வந்தால் வெறும் பையின் ஸிப்புகளை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். உப்புப் பூத்து ஸிப்பின் இழுப்பான் இறுகிவிட்டால் பலவந்தமாக இழுக்காதீர்கள். வெந்நீர் ஊற்றி உப்பைக் கரைத்து, காய்ந்த பின் பல்லில் மெழுகுதிரியைத் தேயுங்கள்.

கேள்வி: பாடசாலைப் பைக்குள் கமராவை வைக்கலாமா? – வாசகர், வாழைச்சேனை

பதில்: பஞ்சு வைத்த கமரா உள்பெட்டி ஒன்றை வாங்கி அதற்குள் வைத்தால் தாராளமாக வைக்கலாம். ஒரு கமராவும் சின்ன லென்ஸும் மட்டும் என்றால் அதுவே போதும். கள்வர் கண்ணிலும் படாது. பெட்டிக்கு அடியில் மடித்த துவாய் ஒன்றைப் போடுங்கள், பையை நிலத்தில் வைக்கும்போது அடிபடுவது அடிப்பக்கம்தான்.