மூடிவிடலாம் என்று சொல்லப்பட்ட வங்கிக்குத் தலைவராக வந்தவர்

பெருநிறுவனத் தலைமைக்கு உயர்ந்த இந்தியப் பெண்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் இந்திரா நூயி என்று எழுதுவார்கள். சென்னையில் படித்து வளர்ந்த பெண் பெப்சிகோவின் தலைமைக்குப் போனது பெரிய விஷயம்தான். ஆனால் என் பதில் ரஞ்சனா குமார். 2000-இல் இந்தியன் வங்கியின் தலைவர் மற்றும் நிர்வாக இயக்குநராக வந்தவர். இந்தியாவில் ஒரு பொதுத்துறை வங்கிக்குத் தலைமையேற்ற முதல் பெண்.

என் அம்மா அந்த வங்கியில் கிளார்க்காக இருந்தாள், கும்பகோணத்தில். 1999 கடைசியில் நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அம்மாவைத் தெருவில் யார் பார்த்தாலும் ஒரே கேள்விதான். எதிர்வீட்டு மாமா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "உங்க பேங்க்கை மூடப்போறாங்களாமே, எங்க எஃப்.டி. என்னம்மா ஆகும்?"

அது வெறும் வதந்தி இல்லை. அந்த ஆண்டுதான் ரிசர்வ் வங்கி அமைத்த எம்.எஸ். வர்மா தலைமையிலான குழு இந்தியன் வங்கி, யூகோ வங்கி, யுனைடெட் வங்கி மூன்றையும் பலவீனமான வங்கிகள் என்று பட்டியலிட்டது. இந்தியத் தொழில் கூட்டமைப்போ இவற்றை மூடிவிடலாம் என்றே சொல்லிவிட்டது. அம்மா இதையெல்லாம் வாசலில் நின்று விளக்க மாட்டாள். "கவர்ன்மென்ட் பேங்க் மாமா, உங்க பணம் எங்கயும் போகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவாள். வந்து நெடுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

1995-96இல் மட்டும் அந்த வங்கிக்கு 1,336 கோடி ரூபாய் நட்டம். பெரிய இடங்களுக்குக் கொடுத்த கடன்கள் திரும்பி வரவில்லை. இத்தனைக்கும், ஒரு வங்கி திவாலான வேதனையிலிருந்து பிறந்த வங்கி இது. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து ஏராளமானவர்கள் சேமிப்பை இழந்த பிறகு, வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் முன்னின்று 1907-இல் தொடங்கியது.

அந்த நாற்காலிக்குத்தான் ரஞ்சனா குமார் வந்தார். 14 வங்கிகள் தேசியமயமானது 1969-இல். அதற்குப் பிறகு 31 ஆண்டுகள் எந்தப் பொதுத்துறை வங்கியிலும் ஒரு பெண்ணுக்குத் தலைமை கிடைக்கவில்லை. முதன்முதலாகக் கிடைத்தது, நாடே கைகழுவப் பார்த்த ஒரு வங்கியில். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வங்கிகளில் அந்த எண்ணம் யாருக்கும் ஏன் வரவில்லை என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஸ்டேட் வங்கிக்கு அருந்ததி பட்டாச்சார்யா தலைவராக வர இன்னும் 13 ஆண்டுகள் ஆயின.

ரஞ்சனா குமார் வந்த வழியைப் பாருங்கள். 1966-இல் பேங்க் ஆஃப் இந்தியாவில் புரொபேஷனரி ஆபீசர். பிறகு நியூயார்க்கில் அந்த வங்கியின் அமெரிக்கப் பிரிவுக்குப் பொறுப்பு. அப்புறம் கனரா வங்கியில் செயல் இயக்குநர். அங்கிருந்து சென்னை. குடும்ப நிறுவனம் இல்லை, அப்பா விட்டுச்சென்ற பங்குகள் இல்லை. 34 ஆண்டுகள் படிப்படியாக ஏறி வந்தவர்.

வங்கி வேலை தெரியாதவர்களுக்கு இந்தப் படிகளின் உயரம் புரியாது. வங்கியில் பதவி உயர்வு என்றால் கூடவே டிரான்ஸ்ஃபரும் வரும். என் அம்மாவுக்கும் ஒருமுறை ஆபீசர் பதவி கைக்கு எட்டியது. வெளிமாநிலத்துக்குப் போக வேண்டியிருந்திருக்கும். பாட்டி படுத்த படுக்கையாக இருந்தாள், நான் கைக்குழந்தை. 'பதவி உயர்வு வேண்டாம்' என்று அம்மா எழுதிக்கொடுத்துவிட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்று அப்பா பின்னாளில் சொன்னார். அவளோடு வேலை பார்த்த பெண்களில் முக்கால்வாசிப் பேரிடம் இப்படி ஒரு கதை உண்டு. அதனால்தான், தலைமைப் பதவி வரைக்கும் ஒரு பெண் போயிருக்கிறார் என்ற செய்தி அம்மாவுக்கு வெறும் செய்தியாக இல்லை. பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்துப் பாஸ்புக் வைக்கும் டப்பாவில் வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பொதுத்துறை வங்கிகளில் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம், வந்தது. 40 வயதோ 15 ஆண்டு சர்வீஸோ ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு ஆண்டு சர்வீஸுக்கும் 60 நாள் சம்பளம் அல்லது மிச்சமுள்ள சர்வீஸுக்கான சம்பளம், எது குறைவோ அது. அப்பா நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு அம்மாவிடம் நீட்டினார். "பேங்க் இருக்குமோ இருக்காதோ, வர்றதை வாங்கிட்டு வந்துடு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அந்தம்மா இப்பதான் வந்து உக்காந்திருக்காங்க. நான் எந்திரிச்சுப் போறதா?"

அதன் பிறகு நடந்ததை வீட்டிலிருந்தே பார்த்தேன். அரசோடு போட்ட மீட்பு ஒப்பந்தத்தின்படி ஆட்கள் குறைந்தார்கள், செலவு குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக வசூல். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்தும் அம்மா சாயங்காலம்தான் வருவாள். கடன்காரர்களுக்கு நோட்டீஸ் அடித்து அடித்து விரல் வலிக்கிறது என்பாள். வங்கியைக் கவிழ்த்தவை பெரிய கடன்கள்தான். ஆனாலும் சின்னக் கணக்குகளையும் விடாமல் துரத்தினார்கள்.

2001-02இல் வங்கி 33 கோடி ரூபாய் லாபம் காட்டியது. 1,336 கோடிக்கு முன்னால் அது சிறிய எண். எங்கள் வீட்டில் அன்று கேசரி கிளறினோம். அடுத்த ஆண்டு லாபம் 188 கோடியைத் தாண்டியது. அவர் ஒருவரே எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தினார் என்று எழுதினால் பொய். அரசு மூலதனம் போட்டது, ஊழியர்கள் உழைத்தார்கள், வி.ஆர்.எஸ்.ஸில் போனவர்கள் தங்கள் வேலையையே கொடுத்தார்கள். ஆனால், மூடலாமா வேண்டாமா என்று டெல்லியும் மும்பையும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ராஜாஜி சாலைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து, முடியும் என்று நம்பி, ஆயிரக்கணக்கானவர்களையும் நம்பவைத்தவர் அவர். அதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பிறகு விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான நபார்டு வங்கியின் தலைவரானார், அதற்குப் பின் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தில் ஆணையராக இருந்தார். வாராக்கடனில் மூழ்கிய ஒரு வங்கியைக் கரைசேர்த்தவருக்கு அது மிகப் பொருத்தமான இடம். இவ்வளவு செய்தவரின் பெயர் ஏன் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை? பொதுத்துறை என்பதால் கோடிக்கணக்கான சம்பளமும் இல்லை, பத்திரிகை அட்டையில் பளபளப்பும் இல்லை. நட்டத்தை நிறுத்துவது சாதனையாக யார் கண்ணிலும் படுவதில்லை. என்னைப் பொறுத்தவரை, ஓடுகிற கம்பெனியை இன்னும் வேகமாக ஓட வைப்பதைவிட இது கடினமான வேலை.

2007 பிப்ரவரியில் இந்தியன் வங்கி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது, ஒரு பங்கு 91 ரூபாய். ஒருநாள் காலையில் எதிர்வீட்டு மாமா கையில் விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து, திண்ணையில் உட்கார்ந்து அதை நிரப்பிக் கொடுத்தாள்.