அழைத்த பின் ஒரு காற்புள்ளி

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கட்டுரையில் 'அம்மா பாட்டி கூப்பிடுகிறார்' என்று எழுதியிருந்தாள். 'அம்மா' என்பதற்குப் பின் ஆசிரியை சிவப்பு மையால் காற்புள்ளி இட்டிருக்கிறார். ஓலைச்சுவடியில் இல்லாத குறி இப்போது மட்டும் எதற்கு?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஆசிரியை திருத்தியது சரியே. அம்மாவைப் பெற்றவரை 'அம்மா பாட்டி' என்றே அழைக்கும் வீடுகள் உண்டு. காற்புள்ளி இல்லாவிட்டால் உங்கள் மகள் யாரிடம் பேசுகிறாள் என்பதே தெரியாமல் போகும்.

நிறுத்தக்குறிகள் ஐரோப்பியர் வழியாக அச்சோடு வந்தவை என்பது உண்மைதான். ஆனால், அழைக்கும் சொல்லை வேறுபடுத்திக் காட்டும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. அழைப்பதை இலக்கணம் 'விளி' என்கிறது; தொல்காப்பியத்தில் 'விளிமரபு' என்று ஓர் இயலே இருக்கிறது. கண்ணன் 'கண்ணா' ஆகிறான், மகள் 'மகளே' ஆகிறாள், திருமண அழைப்பிதழில் அன்புடையார் 'அன்புடையீர்' ஆகிறார். இப்படிச் சொல்லின் ஈறே விளியைக் காட்டிவிடும் இடங்களில் காற்புள்ளி விடுபட்டாலும் பொருள் கெடுவதில்லை.

அம்மா, தம்பி, டாக்டர் போன்ற சொற்கள் எழுவாயாக வந்தாலும் விளியாக வந்தாலும் ஒரே வடிவில் நிற்பதால் அங்கேதான் தடுமாற்றம். மருத்துவர் மேசையில் செவிலியர் 'டாக்டர் குமார் வந்துவிட்டார்' என்று சீட்டு எழுதி வைத்தால், வந்தவர் இன்னொரு மருத்துவர். 'டாக்டர், குமார் வந்துவிட்டார்' என்று எழுதினால், வந்தவர் வெளியே காத்திருக்கும் நோயாளியாக இருக்கலாம். பேசும்போது குரல் சற்று நின்று உணர்த்துவதை எழுத்தில் அந்தச் சிறு குறிதான் உணர்த்த வேண்டும்.

விளி தொடரின் நடுவில் வந்தால், 'உங்களைத்தான், ஐயா, கேட்கிறேன்' என்று இருபுறமும் காற்புள்ளி வேண்டும். ஒருபுறம் மட்டும் இடுவது ஒற்றைக் கதவைச் சாத்துவது போன்றது. 'சரி அம்மா', 'வாருங்கள் ஐயா' போன்ற சிறு தொடர்களின் இறுதியில் வரும் விளிக்கு முன் நான் காற்புள்ளி இடுவதில்லை, ஏனெனில் மூச்சு அங்கே நிற்பதில்லை. மேடைப் பேச்சை அச்சிடுவோர் 'தலைவர் அவர்களே! ஆசிரியர்களே! மாணவர்களே!' என்று உணர்ச்சிக்குறிகளை வாரி இறைப்பதும் தேவையில்லை, காற்புள்ளியே போதும்.

கடிதத்தில் 'அன்புள்ள அண்ணா,' என்பது விளி. 'அன்புள்ள அண்ணனுக்கு,' என்பதோ நான்காம் வேற்றுமை. அங்கே காற்புள்ளி இடுவது கடித மரபு பற்றியே அன்றி விளி இலக்கணம் பற்றியன்று.