கோட்டைத் தாண்டும் நீலம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெழுகுக் கரைசலில் மாங்கனீசு கலந்து ஓடுகளில் கோடு வரைந்து, உள்ளே வண்ண கிளேஸ் (சுட்டால் கண்ணாடியாகப் படியும் பூச்சு) நிரப்பிப் பார்த்துவருகிறேன். ஸ்பானியர்கள் குவெர்தா செக்கா என்று சொல்லும் முறைதான். சூளையில் வைக்கும்வரை ஒவ்வொரு கட்டமும் கச்சிதமாக நிற்கிறது. சுட்டு வெளியே எடுத்தால் நீலம் வெள்ளைக்குள் இறங்கியிருக்கிறது. சில இடங்களில் கோட்டையே காணோம். மிஞ்சிய கோட்டைத் தடவினால் விரலில் கரி ஒட்டுகிறது. இரண்டு ஓடுகளில் கிளேஸ் கோட்டிலிருந்து விலகிச் சுருண்டு வெறும் மண் தெரிகிறது.

முதல் சுடல் 980 டிகிரி, கிளேஸ் சுடல் 1060. அடிப்படை கிளேஸ் எல்லா நிறத்துக்கும் ஒன்றே. வெள்ளையில் 10 சதவீதம் சிர்க்கோன், நீலத்தில் 3 சதவீதம் கோபால்ட் கார்பனேட். தூரிகையால் இரண்டு பூச்சு. மெழுகைக் கூட்டிப் பார்த்தேன், பயனில்லை. இன்னும் தடிப்பாகப் போடவேண்டுமா? பேசாமல் களிமண் குழம்பைப் பிதுக்கி மேடான கோடு போடும் முறைக்கு மாறிவிடலாமா? இதே வேலையைச் சாப்பாட்டுத் தட்டிலும் கோப்பையிலும் செய்யலாமா? தவறாகப் போட்ட கோட்டை எப்படி அழிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மெழுகைக் கூட்டுவதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் சிக்கலுக்கும் மெழுகுக்கும் சம்பந்தமில்லை. மெழுகு 400 டிகிரிக்குள் எரிந்து போய்விடுகிறது. கிளேஸ் நன்றாக உருகி ஓடத் தொடங்குவது 900-க்கு மேல். இடைப்பட்ட நேரம் முழுக்க உங்கள் கோட்டில் மெழுகு என்று எதுவுமே இல்லை, கொஞ்சம் மாங்கனீசுத் தூள் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. மெழுகின் வேலை மேசையோடு முடிந்தது: ஈரமான கிளேஸை ஒதுக்கி, இரண்டு நிறங்களுக்கு நடுவே ஒரு வெற்றிடத்தை உண்டாக்கிக் கொடுப்பது. நெருப்பில் நிறங்களைப் பிரித்து வைப்பவை அந்த வெற்றிடத்தின் அகலமும் உருகிய கிளேஸின் கெட்டித்தன்மையும்தான். கோடு ஒரு சுவர் என்று நினைத்து எவ்வளவு தடிப்பாகப் போட்டாலும் அது எரிந்துதான் போகும்.

இப்படிப் பார்த்தால் நீலம் ஏன் வெள்ளைக்குள் போனது, வெள்ளை ஏன் நீலத்துக்குள் வரவில்லை என்பது விளங்கும். அடிப்படை கிளேஸ் ஒன்றாக இருந்தாலும் நிறம் கலந்தபின் அவை ஒன்றல்ல. சிர்க்கோனும் வெள்ளீய ஆக்சைடும் உருகலைக் கெட்டியாக்குபவை. கோபால்ட், தாமிரம், மாங்கனீசு மூன்றும் உருகலை இளக்குபவை. உங்கள் வெள்ளை கூழ்போல நிற்கும்போது நீலம் எண்ணெய்போல ஓடியிருக்கிறது. அதிலும் 3 சதவீதம் கோபால்ட் கார்பனேட் மிக அதிகம். அரை முதல் 1 சதவீதத்திலேயே நல்ல நீலம் வந்துவிடும், அதற்குமேல் போனால் கருப்பை நோக்கித்தான் போகும். கோபால்ட்டைக் குறையுங்கள், நீலத்தில் மட்டும் 3 முதல் 5 சதவீதம் கவோலின் என்ற வெள்ளைக் களிமண் சேருங்கள். தாமிரப் பச்சைக்கும் இதே வைத்தியம். எல்லா நிறமும் ஒரே வேகத்தில் உருகவேண்டும் என்பதுதான் குறி.

அடிப்படை கிளேஸ் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஃபெர்ரோ நிறுவனத்தின் 3124 ஃபிரிட் (உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) 88 பங்கு, கவோலின் 12 பங்கு என்று தொடங்கினால் 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் அடங்கி நடக்கும். இதில் தாமிர கார்பனேட் 3 சதவீதம் பச்சை கொடுக்கும். பழைய பாரசீக ஓடுகளின் அந்த மயில்கழுத்து நிறம் வேண்டுமென்றால் சோடியம் மிகுந்த 3110 போன்ற ஃபிரிட்டுக்குப் போகவேண்டும். ஆனால் அது ஓடுகிற ஜாதி, மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பும் விடும். அந்த ஒரு நிறத்துக்காகச் சுற்றிலும் கோட்டை அகலப்படுத்த வேண்டியிருக்கும். தேனிறத்துக்கு இரும்பு ஆக்சைடு 5 முதல் 8 சதவீதம். மஞ்சளுக்கு, பழையவர்கள் பயன்படுத்திய ஈயம்-ஆன்டிமனியைத் தொடாமல், சிர்க்கோன்-பிரசியோடிமியம் ஸ்டெயின் (ஆயத்த நிறப்பொடி) 6 முதல் 8 சதவீதம் போதும்.

அடுத்தது சூடு. 980-இல் முதல் சுடலும் 1060-இல் கிளேஸ் சுடலும் செய்கிறீர்கள். இந்த வேலைக்கு அதைத் தலைகீழாக்குங்கள். முதல் சுடலை 1040 முதல் 1060 வரை கொண்டுபோய், கிளேஸை 1000 முதல் 1010-இல் முடியுங்கள். மண்ணிலிருந்து வரவேண்டிய வாயு முதல் சுடலிலேயே வந்து தீர்ந்துவிடும், கிளேஸில் ஊசித்துளை குறையும். குறைந்த சூட்டில் உருகலும் கெட்டியாக நிற்கும். உச்சத்தில் 10 நிமிடத்துக்குமேல் நிறுத்தி வைக்காதீர்கள். உச்சத்தில் நீளும் ஒவ்வொரு நிமிடமும் நிறங்கள் ஒன்றையொன்று நோக்கி ஊரக் கிடைக்கும் அவகாசம். சூளையின் அளவுமானியை மட்டும் நம்பாமல் ஓட்டுக்குப் பக்கத்தில் 06 எண் கோன் (குறித்த சூட்டில் வளைந்து சாயும் சிறு கூம்பு) ஒன்றை நிறுத்துங்கள். மாங்கனீசு 1080 டிகிரியை நெருங்கும்போது ஆக்சிஜனை வெளியேற்றிப் பக்கத்து கிளேஸைக் கொப்பளிக்க வைக்கும், அதன்பின் தானும் இளக்கியாக மாறிக் கரைந்துபோகும். 1060 என்று காட்டும் சூளை உள்ளே ஒரு மூலையில் 1080-ஐத் தொட்டிருந்தால், நீங்கள் தேடும் கோடு கிளேஸுக்குள் கரைந்து போயிருக்கிறது.

தொடக்கத்தில் மட்டும் நிதானம் வேண்டும். 500 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரி, சூளையின் துளை திறந்தே இருக்கட்டும். மெழுகுப் புகை வெளியேற வேண்டும்.

விரலில் ஒட்டும் கரிக்குக் காரணம் எளிது. தனி மாங்கனீசு டை ஆக்சைடு 1000 டிகிரியில் மண்ணோடு ஒட்டாது. கிளேஸுக்குப் பக்கத்தில் இருக்கும் விளிம்பு ஒட்டிக்கொள்ளும், நடுவில் தூளாகவே நிற்கும். 85 பங்கு மாங்கனீசுக்கு 15 பங்கு அதே ஃபிரிட்டைச் சேர்த்து அரைத்து, 120 கண் சல்லடையில் சலித்து, 30 மில்லி மெழுகுக் கரைசலுக்கு 10 கிராம் அளவில் கலக்குங்கள். ஃபிரிட்டை 30 பங்குக்குக் கொண்டுபோனால் கோடே கிளேஸாகி ஓடும். தூள் அதிகமானால் மெழுகின் விலக்கும் சக்தி குறைந்து கிளேஸ் கோட்டின்மேல் ஏறும். கருப்பு அடியில் தங்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கிக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் ஓட்டின் முதல் பாதியில் கருங்கோடும் பின்பாதியில் வெறும் மெழுகும் போட்டிருப்பீர்கள், காய்ந்தபின் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆளி விதை எண்ணெயிலும் டர்பன்டைனிலும் மாங்கனீசைக் குழைப்பது பழைய வழி. கோடு மெல்லியதாக அழகாக வரும். ஆனால் டர்பன்டைன் கொஞ்சம் கூடினால் எண்ணெய் சுட்ட மண்ணுக்குள் கசிந்து கோட்டின் இருபுறமும் கண்ணுக்குத் தெரியாத வளையமாகப் பரவும். கிளேஸ் கோட்டைத் தொடாமல் 2 மில்லிமீட்டர் தள்ளியே நின்றுவிடும். பழகும்வரை மெழுகே போதும்.

மாங்கனீசு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அதன் தூளையும் சூளைப் புகையையும் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும், பார்க்கின்சன் நோயைப் போன்ற நடுக்கமும் தசை விறைப்பும் வரும். உலர்தூளைக் கையாளும்போது என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம் கட்டாயம். சூளை எரியும் அறையில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். கருப்பு ஸ்டெயினை வாங்கிப் பயன்படுத்தினாலும் இந்த எச்சரிக்கை மாறாது, பல கருப்பு ஸ்டெயின்களில் மாங்கனீசு உண்டு.

இப்போது கை வேலைக்கு வருவோம். தூரிகையால் இரண்டு பூச்சு என்று படித்ததும் பாதிக் காரணம் புரிந்துவிட்டது. இந்த முறையில் கிளேஸைப் பூசுவதில்லை, தேக்குகிறோம். சிறிய ரப்பர்க் குமிழோ ஊசிமூக்குக் குப்பியோ எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் நடுவில் சொட்டுவிட்டு, அந்தச் சொட்டை நுனியால் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கோட்டை நீங்கள் தொடவே கூடாது. கடைசி அரை மில்லிமீட்டரைத் தண்ணீரே கடந்துபோய் மெழுகின் விளிம்பில் வட்டமாக நிற்கும். சுட்டபின் கோட்டை ஒட்டி கிளேஸ் சற்றுப் புடைத்து, பதித்த கல்போலத் தெரிவது இந்த விளிம்பினால்தான். தூரிகை மெழுகின்மேல் உரசி உரசிக் கிளேஸை ஏற்றிவிடும். கோட்டின்மேல் குட்டிக் குட்டி மணிகளாக நிற்பவற்றை ஈரமான மெல்லிய தூரிகையால் ஒற்றி எடுக்காமல் விட்டால் சூளையில் அவை இரண்டு நிறங்களுக்கும் பாலம் போட்டுவிடும்.

இப்படி ஓடித் தேங்க, கிளேஸ் சரியான நீர்ப்பதத்தில் இருக்கவேண்டும். 100 மில்லி எடுத்து நிறுத்தால் 145 முதல் 150 கிராம் வரட்டும். 100 கிராம் தூளுக்கு ஏறக்குறைய 85 முதல் 100 மில்லி தண்ணீர். தூள் எடையில் 0.3 முதல் 0.5 சதவீதம் சி.எம்.சி. பிசின் சேர்த்தால், ஓடு தண்ணீரை உறிஞ்சிக் கிளேஸைப் பாதி வழியில் இறுகவைப்பது குறையும். முதல் சுடலின் சூட்டைக் கூட்டச் சொன்னதில் இந்த லாபமும் உண்டு, அதிகம் சுட்ட மண் குறைவாக உறிஞ்சும். காய்ந்த நிலையில் கிளேஸ் 1 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதும்.

கிளேஸ் சுருண்டு மண் தெரிந்த இரண்டு ஓடுகளைப் பற்றி: ஓட்டில் தூசியோ விரல் எண்ணெயோ இருந்திருக்கலாம், அல்லது முதல் பூச்சு முழுதாகக் காய்ந்தபின் இரண்டாவதைப் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் கீழ்ப்பூச்சு மறுபடி நனைந்து மண்ணைவிட்டுக் கிளம்பும். காயும்போதே மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சுண்டுவிரலால் தேய்த்து மூடிவிட்டுச் சூளையில் வையுங்கள், வெடிப்போடு போனது சுருளாமல் திரும்பாது. வரைவதற்கு முன் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து முழுக்க உலர விடுங்கள். ஈர ஓட்டில் மெழுகு பிடிக்காது.

கோட்டின் அகலம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் பாலம் விழும், 2.5-ஐத் தாண்டினால் ஓடு துண்டு துண்டாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் முழுமையாக மூடியிருக்க வேண்டும். பூவிதழின் நுனியில் ஊசிமுனை அளவு இடைவெளி விட்டாலும் கிளேஸ் அதைக் கண்டுபிடித்துவிடும். பென்சிலில் தாராளமாக வரைந்துகொள்ளலாம், எரிந்துவிடும். ஒரே வடிவம் பல ஓடுகளுக்கு வேண்டுமென்றால் தாளில் ஊசியால் குத்தி, கரித்தூள் முடிச்சால் தட்டி எடுங்கள். அதுவும் எரிந்துவிடும்.

மேடான கோட்டுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு இந்தக் கலையின் வரலாற்றிலேயே பதில் உண்டு. மத்திய ஆசியாவை ஆண்ட தைமூர் மரபினரின் கட்டடங்களிலும், 1420-களில் முடிந்த துருக்கியின் புர்சா நகரப் பச்சை மசூதியிலும், 1611-இல் கட்டத் தொடங்கிய ஈரானின் இஸ்ஃபஹான் நகர ஷா மசூதியிலும் இந்த முறை பெருகியதற்குக் காரணம் வேகம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஓடு சுட்டு வெட்டிப் பதிக்கும் மொசைக் வேலையைவிட, ஒரே ஓட்டில் எல்லா நிறமும் ஒரே சுடலில் முடிந்துவிடும். பாரசீகத்தில் இதற்கு ஹஃப்த் ரங், அதாவது ஏழு நிறம், என்று பெயர். அதற்குக் கொடுத்த விலையும் அதுவே: மொசைக்கில் ஒவ்வொரு நிறத்தையும் அதற்கேற்ற சூட்டில் சுடலாம், இங்கே எல்லாம் ஒரே சூட்டுக்குப் பணியவேண்டும். ஸ்பெயினின் செவில் நகரக் குயவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்படிக் கோடு வரைந்தார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஈரமண்ணில் அச்சு அழுத்தி வரம்பை மேடாக எழுப்பும் அரிஸ்தா முறைக்குப் போய்விட்டார்கள். அந்நகரின் காசா தெ பிலாத்தோஸ் மாளிகைச் சுவர்களில் இருப்பது அந்த வகை. சீனத்தின் மிங் காலத்து ஃபாஹுவா ஜாடிகளிலும் களிமண் குழம்பால் எழுப்பிய வரம்புதான். இவை உண்மையாகவே சுவர்கள், நெருப்பிலும் நிற்கும்.

ஆகவே, நிறம் கலக்கக் கூடாது என்பது மட்டுமே கவலையென்றால் குழம்புக்கோடு எளிது. அதே மண்ணின் குழம்பை, ஓடு தோல்பதத்தில் (பாதி உலர்ந்து விறைத்த நிலையில்) இருக்கும்போதே பிதுக்குங்கள், சேர்ந்தே சுருங்கும். சுட்ட ஓட்டின்மேல் பிதுக்கினால் உதிரும். ஆனால் அந்தக் கோடு தடித்த கோடு. வளைந்து மெலிந்து முடியும் கோடு உங்களுக்கு வேண்டுமென்றால் மெழுகைவிட்டுப் போகாதீர்கள். என் தேர்வு மெழுகுதான்.

சாப்பாட்டுத் தட்டு வேண்டாம். கோடு கிளேஸ் மூடாத மாங்கனீசுப் பரப்பு, உணவும் ஈரமும் அதில் தங்கும். கிளேஸில் கலந்த தாமிரம் புளிப்பில் கரைந்து வெளியேறும். மேலே தெளிந்த கிளேஸ் பூசினால் தப்பிக்கலாம் என்று தோன்றும், கோடு அதில் கலங்கிப் பரவி வேலையே கெட்டுவிடும். கோப்பையின் வெளிப்புறத்தில், உதடு படும் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் கீழே செய்துகொள்ளலாம். கோப்பையை ஸ்பாஞ்சின்மேல் படுக்கவைத்து, மேலே பார்க்கும் பகுதியை மட்டும் நிரப்பி, பளபளப்பு அடங்கியதும் உருட்டி அடுத்த பகுதி. ஓட்டில் தேக்கியதில் பாதித் தடிமன் போதும். அடிவிளிம்பில் 6 மில்லிமீட்டர் வெறுமையாக விடுங்கள்.

தவறான கோட்டைத் தண்ணீரால் கழுவ முயலாதீர்கள், பரவத்தான் செய்யும். காய்ந்தபின் கூரிய கத்தியால் சுரண்டலாம், ஆனால் மண்ணுக்குள் இறங்கிய மெழுகு அப்படியே இருக்கும், அந்த இடத்தில் கிளேஸ் பிடிக்காது. முதலில் கருப்பைச் சுரண்டி, ஈர உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, ஓட்டை மீண்டும் 600 டிகிரிக்குச் சுடுங்கள். வரிசை முக்கியம்: சுட்டபின் சுரண்டினால் கட்டில்லாத மாங்கனீசு தூளாகக் காற்றில் கிளம்பும்.