தீட்டும் புறா விலையும்

கேள்வி: யூதர்களின் வேதப்படி ஆண் குழந்தை பெற்றவளுக்கு 40 நாள், பெண் குழந்தை பெற்றவளுக்கு 80 நாள் தீட்டாமே? புது உயிர் வந்த வீட்டில் இது என்ன கொடுமை?
- வாசகி ஒருவர், தென்காசி

பதில்: தீட்டு! இந்த ஒரு சொல்லை வைத்துத் தமிழில் கத்தியைத் தீட்டலாம், ஓவியம் தீட்டலாம், திட்டம் தீட்டலாம். அரிசியையும் தீட்டலாம். (சத்தை எல்லாம் தவிட்டோடு மாட்டுக்குப் போட்டுவிட்டு வெள்ளைச் சக்கையை நாம் தின்கிறோம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ வருஷமாகப் புலம்புகிறேன். கேட்பார் இல்லை.) பெண்ணிடம் வரும்போது மட்டும் அதே சொல் அவளைக் கொல்லைப்புறம் அனுப்பிவிடுகிறது.

நீங்கள் சொல்லும் விதி யூத வேதத்திலும் பைபிளிலும் உள்ள லேவியராகமம் நூலின் 12-ம் அதிகாரம். அதைத் தமிழாக்கியவர்கள் 'ஏழுநாள் தீட்டாயிருப்பாள்' என்று போட்டார்கள். எபிரேயத்தில் அது 'துமா'. அழுக்கு என்று அர்த்தமில்லை, சடங்குகளிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டிய நிலை. பிணத்தைத் தொட்டால் துமா. ஆனாலும் நாதியற்ற பிணம் வழியில் கிடந்தால், தலைமைக் குருவே ஆனாலும் அடக்கம் செய்துவிட்டுத்தான் நகர வேண்டும். அதைவிட வேடிக்கை, வேதச் சுருளைத் தொட்டாலும் கைக்குத் துமா என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு!

சரி, உங்கள் கணக்கு. ஆணுக்கு 7 நாளும் 33 நாளும் சேர்ந்து 40. பெண்ணுக்கு 14ம் 66ம் சேர்ந்து 80. எருசலேம் கோயில் இருந்த காலத்தில், முடிந்ததும் அங்கே பலிக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும் (புறாதான்) கொண்டுபோக வேண்டியிருந்தது. வசதியில்லாதவளுக்கு இரண்டு பறவைகள் போதுமாக இருந்தது. மரியாள் இயேசுவைப் பெற்றபோது கொடுத்தது அந்த இரண்டுதான் என்கிறது லூக்கா. இதில் ஒரு பறவை பாவ நிவாரண பலி. பிள்ளை பெற்றவள் என்ன பாவம் செய்தாள்?

இதை உங்களுக்கு முன்பே ரபி ஷிமோன் பர் யோஹாய் என்ற யூத குருவின் சீடர்கள் கேட்டுவிட்டார்கள். மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தால்மூதில் இருக்கிறது. வலி தாங்காமல், 'இனிமேல் இந்த ஆளைக் கிட்டவே சேர்க்க மாட்டேன்' என்று சத்தியம் செய்கிறாளாம். அதை மீறப் போகிறாளே, அதற்குத்தான் பலி என்றார் குரு. எங்கள் வீட்டிலும் அந்தச் சத்தியம் நடந்தது. பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு மட்டுமல்ல, காண்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம். டீக்குக் காசு வாங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே காண்டீனில் நான் மறுபடி போய் நின்றேன். இந்த முறை காசு வாங்கிக்கொண்டார்.

7, 14 எப்படி என்றும் சீடர்கள் விடவில்லை. ஆண் பிறந்தால் ஊரே சந்தோஷப்படும், தாய் ஏழே நாளில் சத்தியத்தை நினைத்து வருந்துவாள். பெண் பிறந்தால் ஊர் முகம் தொங்கிப்போகும், மனம் மாறப் பதினான்கு நாள் ஆகும் என்றார். ஊர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதற்கு அவள் ஒரு வாரம் சேர்த்து இருக்க வேண்டுமா? எனக்கு உடன்பாடில்லை. தால்மூதின் அதே பக்கத்திலேயே ரவ் யோசேப்பு என்ற இன்னொரு குருவும் அந்தச் சத்திய விளக்கத்தை மறுக்கிறார். குருவின் பேச்சையும் அதற்கு மறுப்பையும் சேர்த்தே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கிறது.

எனக்குப் பிடித்த ஆள் வேறொரு யூத குரு, ரப்பன் ஷிமோன் பென் கமாலியேல். எருசலேமில் பலிக்கான ஒரு ஜோடிப் பறவை பொற்காசு விலைக்கு ஏறிவிட்டது. 'இந்தக் கோயில்மேல் ஆணை, விலை வெள்ளிக்காசுக்கு இறங்காமல் இன்றிரவு தூங்க மாட்டேன்' என்றார். நேரே நீதிமன்றத்துக்குப் போய், ஐந்து பிரசவ பாக்கி இருந்தாலும் ஒரே பலி போதும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கே விலை வெள்ளிக்காசுக்கும் கீழே விழுந்தது. பறவை வியாபாரிகள் அன்று என்ன பேசியிருப்பார்கள் என்பதை மிஷ்னா எழுதவில்லை.

முகூர்த்த நாளில் மல்லிகைப் பூ விலையைக் கேட்டுவிட்டு இப்படி யாராவது ஒருவர் தூங்காமல் இருந்தால் தேவலை. நான் முயன்று பார்த்தேன். பத்தரைக்கே தூங்கிவிட்டேன்.