ஏப்ரல் 14-க்கு பின்னாடி ஒரு கப்பல்

கேள்வி: அண்ணா, ஏப்ரல் 14 வந்தா எங்க ஊர்ல ஃபயர் சர்வீஸ்காரங்க தீத்தொண்டு வாரம்னு சொல்லி நோட்டீஸ் குடுக்கறாங்க, அது ஏன் அந்த தேதி? – வாசகி, பாலக்கோடு, தருமபுரி

பதில்: அதுக்கு காரணம் ஒரு சரக்குக் கப்பல்மா. பேரு ஃபோர்ட் ஸ்டிகின், ரெண்டாம் உலகப்போர் நேரத்துல கனடாவுல 1942-ல கட்டின நீராவிக் கப்பல். போருக்கு சரக்கு ஏத்தணும்னு வேக வேகமா ஒரே மாடல்ல நிறைய கட்டினாங்க, அதுல இது ஒண்ணு.

1944-ல பம்பாய் விக்டோரியா டாக்குல வந்து நிக்குது, உள்ள சுமார் 1,400 டன் வெடிமருந்து, கராச்சியில ஏத்தின பஞ்சு மூட்டை, தங்கக்கட்டி வேற. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பல்ல ஏத்தினதுதான் பெரிய தப்பு, அதை நெனச்சாலே மனசு ஆறல. ஏப்ரல் 14 மத்தியானம் பஞ்சுல புகை வந்துச்சு, வீரர்கள் தண்ணி அடிச்சுகிட்டே இருந்தாங்க, சாயங்காலம் 4 மணி தாண்டி ரெண்டு தடவ வெடிச்சுது. நூத்துக்கணக்குல ஜனங்க போயிட்டாங்க, அதுல தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். அவங்களுக்காகத்தான் அந்த தேதி. அடுத்த தடவ நோட்டீஸ் குடுக்க வந்தா அவங்கள நிறுத்தி ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா.