ஈரச் சுவரு, கரி நெருப்பு, நாலு மாசக் குழந்தை: மார்கழியில என்ன பண்றது?

கேள்வி: டாக்டர், எங்களுக்கு குடியாத்தம் பக்கம். வாடகை வீடு, தளம் போட்டது, ஆனா ரொம்ப பழசு. ஐப்பசி மழையில இருந்தே பெட்ரூம் சுவரு ஈரமா இருக்கு, மூலையில கறுப்பா பூசணம் புடிச்சிருக்கு. மாமியாருக்கு 67 வயசு, சுகரும் வீசிங்கும் இருக்கு. என் குழந்தைக்கு நாலு மாசம். குளிருதுன்னு மாமியார் ராத்திரியில இரும்பு சட்டியில கரி நெருப்பு போட்டு ரூமுக்குள்ள வெச்சு கதவை சாத்திடுறாங்க. கேட்டா எங்க காலத்துல இப்படித்தான்னு சொல்றாங்க. காலையில எழுந்தா ரெண்டு பேருக்கும் தலை பாரமா இருக்கு. வீட்டுக்காரர் ரூம் ஹீட்டர் வாங்கலாமான்னு கேக்குறார். செலவு கம்மியா என்ன செய்யலாம்?

பதில்: இன்னிக்கு ராத்திரியே அந்தக் கரி சட்டியை வெளிய எடுத்து வெச்சிடுங்கம்மா. மத்ததெல்லாம் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கிட்டு மெதுவா பண்ணலாம், இதை மட்டும் நாளைக்குன்னு தள்ளாதீங்க. நீங்க எழுதினதுலயே எனக்கு பயம் குடுத்தது பூசணம் இல்ல, காலையில ரெண்டு பேருக்கும் தலை பாரம்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதுதான்.

கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வரும். அதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண்ணு எரியாது, இருமல் வராது. புகை அடங்கி நெருப்பு செவசெவன்னு கனியும்போது இனி ஒண்ணும் இல்லன்னு நினைச்சு உள்ள எடுத்துட்டு வருவாங்க, ஆனா அப்பவும் அது வந்துக்கிட்டேதான் இருக்கும். ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டிக்க வேண்டிய இடத்துல இது 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும், அதனால மூச்சு விட்டுக்கிட்டே இருந்தாலும் உடம்புக்கு ஆக்சிஜன் போய் சேராது. ஒரே ரூம்ல படுத்த எல்லாருக்கும் சேர்ந்து தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, வெளிய வந்து கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடுதுன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். குழந்தையால தலை வலிக்குதுன்னு சொல்ல முடியாது, தூங்குறான்னுதான் நமக்கு தோணும். இன்னொண்ணு, கொரோனா சமயத்துல வாங்குன விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் வீட்ல இருக்கும், அதுல 98 காட்டுதே அப்புறம் என்னன்னு நினைக்காதீங்க, இந்த வாயு ஏறின ரத்தத்தையும் அந்த மெஷின் நல்ல ரத்தம்னுதான் படிக்கும். கரியை நிறுத்தின பிறகும் காலையில தலை பாரம் இருந்தா, இல்ல குழந்தை வழக்கத்தை விட சோர்வா தெரிஞ்சா, ஆஸ்பத்திரிக்கு போய் ராத்திரி கரி போட்டிருந்தோம்னு வாயைத் திறந்து சொல்லுங்க, நீங்க சொன்னாதான் டாக்டருக்கு ரத்தத்துல அந்த வாயு இருக்கான்னு டெஸ்ட் எடுக்கணும்னு தோணும்.

மாமியார் சொல்றதும் பொய் இல்ல. அவங்க காலத்துல நாட்டு ஓடு வீடு, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல சந்து, சுவருக்கு மேல கூரை வரைக்கும் காத்து போற இடம், கொஞ்சம் சூடு நிக்கும், புகையும் வாயுவும் வெளிய போயிடும். இப்ப மேல கான்கிரீட், ஜன்னலுக்கு கண்ணாடிக் கதவு, வென்டிலேட்டர்ல அட்டை வெச்சு அடைச்சிருப்பீங்க, கதவுக்கு அடியில கோணி. அதே கரி, ஆனா வீடு வேற. இதை நீங்க சொன்னா "நேத்து வந்தவ இன்னா எனுக்கு சொல்றது"ன்னுதான் வரும், அதனால இதை அவங்க புள்ளைய விட்டு படிச்சுக் காட்டச் சொல்லுங்க, டாக்டர் சொன்னார்னு.

இப்ப குளிர் விஷயத்துக்கு வரேன். வேலூர்காரங்களுக்கு வெயில்ல தான் பயிற்சி, குளிர்ல இல்ல. இங்க மார்கழி தையில ராத்திரி 18 டிகிரி கிட்ட இருக்கும், சில நாள் 15 வரைக்கும் இறங்கும், ஜவ்வாது மலை அடிவாரத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் கம்மி. வீட்டுக்குள்ள 18 டிகிரிக்கு குறையாம இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல சொல்லியிருக்கு, நம்ம சுவத்துக்குள்ள பெரும்பாலும் அதுக்கு மேலயே தான் இருக்கும். அப்புறம் ஏன் இப்படி நடுங்குதுன்னா, ஈரம். ஈரமான சுவரு, ஈரமான மெத்தை, சில்லுன்னு சிமெண்ட் தரை, அதுல ஒரு பாய் மட்டும் போட்டு படுக்குறது. அதனால என் கணக்குல முதல்ல வீட்டை காய வைக்கணும், அப்புறம் ஆளை சூடா வைக்கணும், ரூமை சூடாக்குறதுக்கு நம்ம ஊருல காசு செலவு பண்ணவே வேண்டாம்.

ஹீட்டர் கணக்கையும் பாத்துடுங்க. 2000 வாட் ஹீட்டர் ராத்திரி ஆறு மணி நேரம் ஓடுனா 12 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 720 யூனிட் அதுக்கு மட்டும். நமக்கு இலவசமா கிடைக்கிற யூனிட்டை இது ஒண்ணே தாண்டிடும், 500ஐ தாண்டுனா ரேட்டே மேல போயிடும், பில்லு வந்தா குளிரு தானா போயிடும். போதாததுக்கு பழைய வாடகை வீட்டு வயரிங், அஞ்சு ஆம்பியர் பிளக்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மாட்டுவீங்க, அது உருகி புகையும். எல்லாத்துக்கும் மேல ஹீட்டர் சுவத்துல இருக்குற தண்ணியை எங்கயும் கொண்டு போகாது, சூட்டுல ஆவியாக்கி ராத்திரி பூரா ரூம்லயே சுத்த விட்டு விடியக்காலையில திரும்ப சுவத்துலயே உக்கார வைக்கும்.

அந்த ஈரம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பாதி வேலை. தரையில இருந்து முழங்கால் உயரம் வரைக்கும் பட்டை மாதிரி ஈரம், மேல வெள்ளையா உப்பு பூத்து பூச்சு பொரிஞ்சு கொட்டுதுன்னா அது அஸ்திவாரத்துல இருந்து மேல ஏறுற ஈரம். மேல இருந்து கீழ வழிஞ்ச மாதிரி கறை இருந்தா மொட்டை மாடி, இல்ல சன்ஷேடு. பாத்ரூம் சுவத்துக்குப் பின்னாடி மட்டும் இருந்தா பைப்பு. மூலையில, பீரோவுக்குப் பின்னாடி, கட்டில் தலைமாட்டுல மட்டும் கறுப்பா புள்ளி புள்ளியா இருந்தா அது வெளித் தண்ணியே இல்ல, உங்க வீட்டு மூச்சும் சமையலும் துணி காயுறதும்தான், ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளிய வேர்க்குற மாதிரி குளிர்ந்த சுவத்துல வேர்த்து நிக்குது. சந்தேகமா இருந்தா ஒரு பிளாஸ்டிக் கவரை வெட்டி சுவத்துல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. கவருக்கும் சுவத்துக்கும் நடுவுல தண்ணி கோத்திருந்தா ஈரம் சுவத்துல இருந்து வருது, கவருக்கு மேல நம்ம பக்கம் வேர்த்திருந்தா ரூம்ல இருக்குற காத்துல இருந்து வருது. இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

ரூம் காத்துதான் காரணம்னா சுலபம். குழந்தை இருக்குற வீடு, துணி மலை மாதிரி சேரும், மழையில காயாதுன்னு பெட்ரூம்லயே கொடி கட்டி ஃபேன் போட்டு காய வைப்பீங்க, ஒரு பக்கெட் ஈரத்துணியில இருந்து ரெண்டு லிட்டர் தண்ணி சர்வ சாதாரணமா காத்துல கலக்கும். கேஸ் அடுப்பும் அப்படித்தான், யாரும் யோசிக்கிறதில்ல, 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு எரிஞ்சு தீரும்போது 22 லிட்டர் தண்ணிக்கு மேல ஆவியா வெளிய விடும். அதனால துணியை வராண்டாவுலயோ மாடிப்படி கிட்டயோ காய வைங்க, சமைக்கும்போது பெட்ரூம் கதவை சாத்தி சமையக்கட்டு ஜன்னலை திறங்க, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா இன்னும் நல்லது, அது ஒரு குண்டு பல்பு இழுக்குற கரண்டு கூட இழுக்காது. வெயில் அடிக்கிற நாள்ல காலையில 11ல இருந்து மூணு மணி வரைக்கும் எதிரெதிர் ஜன்னலை திறந்து வெச்சு, பனி இறங்குறதுக்கு முன்னாடி அஞ்சு மணிக்குள்ள சாத்திடுங்க. பீரோவை சுவத்துல இருந்து அரை அடி தள்ளி வைங்க. இலவம்பஞ்சு மெத்தை தலகாணி எல்லாம் மாடியில நல்ல வெயில்ல போட்டு அடிச்சு திருப்பி எடுங்க, ஈரமான மெத்தையில கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி பெருகும், மாமியாருக்கு வீசிங் வர்றதுக்கு அதுவே போதும்.

மாடியில இருந்து ஒழுகுதுன்னா முதல்ல மேல ஏறி தண்ணி போற ஓட்டையில இலையும் மண்ணும் அடைச்சிருக்கான்னு பாருங்க, எங்க சுத்து வட்டாரத்துல பாதி ஒழுகல் அங்கதான். இப்போதைக்கு தார்ப்பாய் போட்டு மூடுங்க. வாட்டர் ப்ரூஃப் பெயிண்டு, மேல ஓடு பதிக்கிறது எல்லாம் மாசி பங்குனியில தளம் நல்லா காஞ்ச பிறகு ஹவுஸ் ஓனர்கிட்ட பேசி பண்ண வேண்டிய வேலை, ஈரத்து மேல இப்பவே அடிச்சா உரிஞ்சுக்கிட்டு வரும். அடியில இருந்து ஏறுற ஈரத்துக்கு வெளிப்பக்க சுவத்தை ஒட்டி மண்ணோ குப்பையோ குவிஞ்சிருந்தா வாரி எடுங்க, பாத்திரம் கழுவுற தண்ணி அங்க போகாம திருப்பி விடுங்க. உள்பக்கம் சிமெண்ட் பூசி மேல எனாமல் பெயிண்ட் அடிச்சு மறைக்கச் சொல்லி மேஸ்திரி சொல்வார், கேக்காதீங்க, உள்ள மாட்டுன தண்ணி இன்னும் ஒரு அடி மேல ஏறி வேற இடத்துல வெளிய வரும். பழைய சுண்ணாம்புதான் இதுக்கு நல்லது, சுவரு மூச்சு விடும், காரத்தன்மை இருக்குறதால பூசணமும் சுலபமா வராது, விலையும் கம்மி.

ஒரு எச்சரிக்கை. மண்ணு வெச்சுக் கட்டின பழைய சுவரா இருந்து, மழைக்கு அப்புறம் புதுசா விரிசல் விட்டிருக்கு, இல்ல வயிறு மாதிரி தள்ளிக்கிட்டு நிக்குதுன்னா அந்த ரூம்ல யாரும் படுக்கக்கூடாது. உங்களுக்கு பக்கத்துலயே பேரணாம்பட்டுல 2021 நவம்பர்ல அந்தப் பெரிய மழையில வீடு இடிஞ்சு 9 பேர் செத்தாங்க, அதுல நாலு பேர் குழந்தைங்க.

பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால தட்டாதீங்க, அது ரூம் பூரா பறக்கும். மாமியாரையும் குழந்தையையும் பக்கத்து வீட்ல விட்டுட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு, ஜன்னலை திறந்து வெச்சு, சோப்புத் தண்ணியில துணியை நனைச்சு துடைச்சு எடுங்க, போகலன்னா பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணி. ஆனா பிளீச்சிங் பவுடரோட பாத்ரூம் ஆசிட்டை எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க, குளோரின் வாயு வரும், அது நுரையீரலையே புண்ணாக்கிடும். ஈரம் வர்ற வழியை அடைக்காம சும்மா துடைச்சா ரெண்டு வாரத்துல திரும்ப வந்து நிக்கும், அதையும் சொல்லிடுறேன்.

ஆளை சூடா வைக்கிறதுக்கு வருவோம். தரையில படுக்குறதை நிறுத்துங்க, கட்டில் இல்லன்னா கீழ பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு மேல கோரைப்பாய், அதுக்கு மேல ஜமக்காளம், அப்புறம் மெத்தை. உடம்புல இருந்து சூடு மேல போறதை விட கீழ தரைக்குப் போறதுதான் அதிகம், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, ரெண்டு கம்பளி போத்தியும் குளிருதுன்னு சொல்லுவாங்க. மாமியாருக்கு ஒரே தடிச்ச ஸ்வெட்டரை விட காட்டன் ரவிக்கை மேல மெலிசா ரெண்டு அடுக்கு, தலைக்கு குல்லா, காலுக்கு சாக்ஸ். வெந்நீர் பேக் வேணும்னா படுக்கறதுக்கு முன்னாடி படுக்கையில வெச்சு சூடு பண்ணிட்டு எடுத்துடுங்க, கால்ல வெச்சுக்கிட்டு தூங்க விடாதீங்க. சுகர்காரங்களுக்கு கால்ல உணர்ச்சி கம்மி, வெந்து கொப்புளம் போட்டது கூட காலையில பாத்தாதான் தெரியும், அந்தப் புண்ணோட வந்து விரல் எடுத்தவங்களை நான் பாத்திருக்கேன். குளிர்ல பிபியும் ஏறும், மாத்திரை போடுறவங்களா இருந்தா இந்த மாசம் ஒரு தடவை பாத்துடுங்க. இன்ஹேலரை பழக்கமாயிடும்னு சொல்லி நிறுத்தி வெச்சிருந்தா தயவு செஞ்சு டாக்டர் சொன்ன மாதிரி திரும்ப ஆரம்பிங்க, அப்படி ஒண்ணும் பழக்கமாகாது, மாத்திரையில போறதை விட பல மடங்கு கம்மி மருந்துதான் அதுல போகுது.

குழந்தைக்கு நம்மளை விட ஒரே ஒரு துணி கூட, அவ்வளவுதான். கை கால் சில்லுன்னு இருக்குன்னு மேல மேல சுத்தாதீங்க, பின்கழுத்தையும் வயித்தையும் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா போதும், வேர்த்திருந்தா ஒண்ணை கழட்டுங்க. தூங்கும்போது மல்லாக்க படுக்க வைங்க, முகத்து கிட்ட தலகாணி, கம்பளி, தொங்குற துண்டு எதுவும் வேண்டாம். ரொம்ப குளிருற அன்னிக்கு முழிச்சிருக்கும்போது நெஞ்சோட நெஞ்சா அணைச்சு வெச்சுக்கோங்க, அதை விட நல்ல ஹீட்டர் கடையில கிடையாது. தலைக்கு ஊத்தின பிறகு சாம்பிராணி புகை போடுறதை இந்த வீட்ல நிறுத்திடுங்க, துண்டால துவட்டினாலே போதும், அந்தப் புகை குழந்தைக்கும் ஆகாது, பாட்டிக்கும் ஆகாது. கொசுவத்தியும் அப்படித்தான், மூடின ரூம்ல ஒரு சுருள் எரிஞ்சா அதுல வர்ற நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாதுன்னு ஒரு ஆய்வு சொல்லுது, கொசுவலை கட்டிக்கோங்க.

கேக்காத ஒண்ணு சொல்றேன். குளிர்காலம்னா நம்ம வேலூர் பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் ஏறும், புதர்லயும் எலி நடமாடுற இடத்துலயும் இருக்குற சின்னப் பூச்சி கடிச்சு வர்றது. வெந்நீர் போட விறகு அடுக்கி வெச்சிருந்தா வீட்டை விட்டு தள்ளி அடுக்குங்க, பின்பக்க செடியை வெட்டுங்க. யாருக்காவது காய்ச்சல் அஞ்சு நாளா விடலன்னா அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பு பொருக்கு இருக்கான்னு பாத்துட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண மாத்திரையில சரியாயிடும்.

குழந்தை ஒரு நிமிஷத்துக்கு 50 தடவை அல்லது அதுக்கு மேல மூச்சு விட்டா, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்ள போனா, பால் குடிக்காம துவண்டா, உதடு நீலமா தெரிஞ்சா, இல்ல மாமியாருக்கு இன்ஹேலர் அடிச்சும் அடங்காம ஒரு வாக்கியம் முழுசா பேச முடியாம மூச்சு வாங்கினா, உடனே 108க்கு போன் பண்ணுங்க, நடு ராத்திரியா இருந்தாலும் விடியட்டும்னு பாக்காதீங்க.