அக்காவுக்குப் பதினைந்தாயிரம், அடகுக் கடையில் அறுபதாயிரம்

கேள்வி:

ஐயா, நாங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிறோம். 320 சதுர அடி வீடு, ஆறு லட்சத்துக்கு மூன்று வருஷ லீஸ். மூத்தவன் மாடிப்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறான். சின்னவன் பந்தை எடுத்தால் அது நேராக அடுப்புமேடையில் போய் விழும். கணவருக்கு பீன்யாவில் சி.என்.சி. ஆபரேட்டர் வேலை, கைக்கு 41,000 வருகிறது. எனக்கு நர்சரி பள்ளியில் 16,000. வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், 5,000 ரூபாய் சீட்டு எல்லாம் போக மாதம் 16,000 வரை மிஞ்சும்.

தளி பக்கம் பத்து சென்ட் பண்ணை நிலம் ஒன்பது லட்சத்துக்கு வருகிறது. கம்பெனிக்காரர்களே மரம் வைத்துப் பராமரித்துத் தருவார்களாம். சனி, ஞாயிறு பிள்ளைகள் மண்ணில் விளையாடலாம், பன்னிரண்டு வருஷத்தில் மகோகனியை வெட்டினால் பெரிய தொகை வரும் என்கிறார்கள். ஜூனில் சீட்டு முடிந்து 2,40,000 கைக்கு வரும். அதை முன்பணமாகக் கொடுத்து மீதிக்கு பர்சனல் லோன் போட்டால், ஐந்து வருஷத்துக்கு மாதம் 15,700 கட்ட வேண்டும். எடுக்கலாமா?

இன்னொரு விஷயம். 2022 ஆவணியில் பெரிய நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக என் பத்து பவுனை அடகு வைத்து 2,40,000 கொடுத்தோம். என் கணவர் ஐ.டி.ஐ. படிக்கத் தன் கம்மலை விற்றவர் அவர். இல்லை என்று சொல்ல முடியாது. வருஷா வருஷம் நகையை மாற்றி வைக்கிறோம். தங்கம் விலை ஏறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே தருகிறார்கள். அதனால் வட்டி எங்கள் கையிலிருந்து போவதில்லை. அந்தப் பணத்திலேயே நாத்தனாருக்கும் பத்து, பதினைந்து கொடுத்துவிடுகிறோம். இப்போது கடன் 4,60,000. நிலத்துக்கு லோன் வாங்க இது இடைஞ்சலாகுமா?

பதில்:

நிலத்தைப் பற்றி விவரமாக எழுதிவிட்டு, நகையைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் நகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ‘வட்டி எங்கள் கையிலிருந்து போவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை உட்கார விடவில்லை.

ரசீதுகளைப் படமெடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வட்டி 18 சதவீதம், அதாவது மாதம் ஒன்றரை வட்டி. 2023 ஆவணியில் 2,40,000 கடனை 3,00,000 ஆக்கி மாற்றி வைத்திருக்கிறீர்கள். அறுபதாயிரம் கூடுதல். ஆனால் அதில் 43,200 அந்த வருஷத்து வட்டிக்குப் பிடித்துக்கொண்டார்கள். கவுன்ட்டரில் உங்கள் கைக்கு வந்தது 16,800. அதில் உங்கள் கணவரின் அக்காவுக்குப் பதினைந்தாயிரம். ஆக, அக்காவுக்குப் பதினைந்தாயிரம் கொடுக்க நீங்கள் கடனை அறுபதாயிரம் ஏற்றியிருக்கிறீர்கள்.

அடுத்த வருஷமும் அதே கதைதான். 3,00,000 என்பது 3,70,000 ஆனது. எழுபதாயிரத்தில் 54,000 வட்டி, கைக்கு 16,000. 2025-ல் 4,60,000. தொண்ணூறாயிரத்தில் வட்டி 66,600, கைக்கு 23,400. மூன்று முறையும் சேர்த்தால் கடன் ஏறியது 2,20,000. நீங்கள் கண்ணால் பார்த்த பணம் 56,200. வரும் ஆவணியில் கட்ட வேண்டிய 82,800-ஐயும் சேர்த்தால் நான்கு வருஷத்து வட்டி 2,46,600. கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த தொகையே 2,40,000-தான்.

வட்டி உங்கள் கையிலிருந்து போகவில்லை, சரி. உங்கள் நகையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. தங்கம் விலை ஏறுவது நகை வைத்திருப்பவருக்குச் சந்தோஷம். உங்கள் விஷயத்தில் அந்த ஏற்றத்தையெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை கொண்டுபோய் அடகுக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். தங்கை கல்யாணத்துக்குக் கவரிங் ஆரம் போட்டுப் போய், வியர்வையில் கழுத்து கறுத்துப்போனதைக் கடித ஓரத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்ததும் படிக்க முடிகிறது.

இந்த ஆவணியில் பழைய வழி நடக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நகைக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய விதிகள் போட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நகைக் கடன் நிறுவனங்களும் அவற்றுக்கு மாறியாக வேண்டும். வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் மாற்றி வைக்க முடியும். அந்த 82,800-ஐ ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும். சீட்டுப் பணத்தை நிலத்தில் போட்டு, மாதம் மிஞ்சும் பணத்தையும் லோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், ஆவணியில் அந்தத் தொகைக்கு எங்கே போவீர்கள்? கைமாற்று வாங்குவீர்கள். இல்லாவிட்டால் ஏல நோட்டீஸ் வரும்.

அதனால் ஜூனில் வரும் சீட்டுப் பணம் நிலத்துக்குப் போகக் கூடாது, நகைக்குப் போக வேண்டும். ஆவணிக் கணக்குப்படி அசலும் வட்டியும் 5,42,800. அதில் சீட்டுப் பணம் 2,40,000-ஐக் கழித்தால் 3,02,800. முன்னாலேயே போய்க் கட்டினால் இன்னும் குறையும். இந்த மீதியை வங்கி நகைக் கடனுக்கு மாற்றுங்கள். ஒன்பது, பத்து சதவீத வட்டிக்கு, மாதத் தவணையில் கட்டுகிற மாதிரி வங்கிகளில் கிடைக்கிறது. மாதத் தவணை என்று கேட்டு வாங்குங்கள். வருஷக் கடைசியில் கட்டுகிற கடன் இனி உங்கள் வீட்டுக்கு ஆகாது. நிலத்துக்குக் கொடுக்கத் தயாராக இருந்த அதே 15,700-ஐ இதற்குக் கட்டினால் இருபத்திரண்டு மாதத்துக்குள் பத்து பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். நில லோன் அறுபது மாதம், மொத்தம் 9,42,000, அதுவும் முன்பணம் தனி.

மாற்றுவதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நகை இங்கே மாட்டிக்கொண்டிருக்கும்போது வங்கியில் எதைக் காட்டுவது? எல்லாம் ஒரே ரசீதில் இருக்கிறது. சீட்டுப் பணத்தைக் கட்டும் அன்றே கடனை இரண்டாகப் பிரித்து, அந்தத் தொகைக்கு ஈடான நகையை விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதை வங்கியில் வைத்து வரும் பணத்தில் மிச்சத்தை மீட்கலாம். பிரிக்க மாட்டோம் என்றால், வேறிடத்துக் கடனை அடைத்து நகையைத் தங்களிடம் அடகாக மாற்றிக்கொள்ளும் வங்கிகளும் உண்டு. பீன்யாவில் உங்கள் கணவருக்குச் சம்பளம் போடும் வங்கியில் முதலில் விசாரியுங்கள். மீட்கும்போது ரசீதில் எழுதிய எடையோடு ஒப்பிட்டு, கவுன்ட்டரிலேயே நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

இனி நாத்தனார். கம்மலை விற்றுத் தம்பியைப் படிக்க வைத்தவரிடம் கணக்குப் பேசாதே என்று உங்கள் கணவர் சொன்னால், நானும் அவர் பக்கம்தான். அந்த 2,40,000 திரும்பி வரும் என்று எந்தக் கணக்கிலும் வைக்காதீர்கள். கல்யாணச் சீராகப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று வருஷத்தில் அவருக்கு நீங்கள் கொடுத்தது 15,000, 10,000, 15,000, ஆக நாற்பதாயிரம். ஜூனோடு சீட்டு முடிகிறது, மாதம் 5,000 மிச்சமாகும். அதில் 1,500-ஐ மாதாமாதம் ஐந்தாம் தேதி அக்கா கணக்கில் போட்டுவிடச் சொல்லுங்கள். வருஷத்துக்கு 18,000. இதுவரை கிடைத்ததைவிட அவருக்கு இது அதிகம். ஆவணி பிறந்தால் தம்பி கைக்குப் பணம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதால்தான் பணம் கேட்டு போன் வருகிறது. ‘நகையை மாற்றி வைக்கப் போகிறோம்’ என்ற பேச்சே வீட்டில் இல்லாமல் போனால் அந்த போனும் தானாகக் குறையும். உங்கள் கணவரே பேசட்டும். நாத்தனாரிடம் நீங்கள் பேசினால் அது வேறு மாதிரிப் போகும். மீதி 3,500-ஐ வங்கியில் ஆர்.டி. போட்டுத் தனியாக வையுங்கள். அடுத்த பள்ளிக் கட்டணத்துக்கோ, மருத்துவமனைக்கோ நகையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருக்க அதுதான் உதவும்.

நிலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 1990களில் தேக்கு வளர்த்துத் தருகிறோம் என்று வந்தவர்களிடம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பணம் கட்டி ஏமாந்தது உங்கள் அப்பா தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கூத்துக்குப் பிறகுதான், 1999-ல், இப்படிக் கூட்டாகப் பணம் திரட்டும் திட்டங்களுக்கென்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தனி விதிகள் கொண்டுவந்தது. இப்போது தேக்கு போய் மகோகனியும் அவகாடோவும் வந்திருக்கின்றன. விளம்பரத்தில் ட்ரோன் படம் வந்திருக்கிறது. எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விவசாய நிலமாக விற்பதால், மனைப்பிரிவுகளுக்கு இருக்கிற ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பாதுகாப்பு இதற்குப் பெரும்பாலும் கிடைக்காது. பட்டா உங்கள் பெயருக்குத் தனியாக வருமா, இல்லை பிரிக்கப்படாத பங்குதானா, போகும் வழி யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போவார்கள்.

அதோடு, பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. பத்தடிக்கு ஒன்றாக மகோகனி வைத்தால் நாற்பத்து மூன்று மரம் வரும். பையன்கள் பந்து விளையாட இடம் எங்கே மிச்சம்? இரண்டு பிள்ளைகளை பைக்கில் வைத்துக்கொண்டு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஓசூர் நெரிசலைத் தாண்டித் தளிக்குப் போய்வர ஒரு ஞாயிறே சரியாகப் போய்விடும். எத்தனை ஞாயிறு போவீர்கள்? முதல் மாதம் நான்கு, ஆறாம் மாதம் ஒன்று, அப்புறம் பராமரிப்புக் கட்டணத்துக்கு வாட்ஸ்அப் செய்தி மட்டும் வரும்.

உங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மெட்ரோ இருக்கிறது. பச்சை வழித்தடம். அதே ரயில், மாறாமல், லால்பாக்குக்குப் போகிறது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர். உள்ளே ஒரு பாறைக்குன்று இருக்கிறதே, ஏறக்குறைய 300 கோடி வருஷத்துப் பாறை. பையன்களிடம் அதைச் சொல்லி ஏறவிடுங்கள். காலையிலேயே கிளம்பிப் போனால் மதியம் வரை வீட்டு நெரிசல் யாருக்கும் நினைவுக்கு வராது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாலில் போகும் பணத்தை நீங்கள் வீட்டுச் செலவில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. அடகில் மாட்டாமல் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அந்த ஆறு லட்சம் லீஸ் பணம்தான். பெங்களூரில் லீஸ் முடிந்தும் பணம் திரும்பாமல் அலைகிறவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். மூன்று வருஷ லீஸ் என்கிறீர்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றிதழும் போட்டுப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.